மொட்டைக்கல்

முதல் கல்
ஜனவரி 11

என் வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதத்தை மீசைக்காரர் நேற்றுதான் கொண்டுவந்தார். அவருடைய பார்சல் லாரியில் நான்கு நாள் வந்ததில் காகிதமெல்லாம் டீசல் வாசனை. அப்பா மோப்பம் பிடித்துவிடப் போகிறார் என்று பீரோவில் சோப்புக்கு நடுவே ஒளித்து வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லாம் அப்படியேதான். அப்பாவுக்கு இடது கால் இன்னும் ஊன்ற வரவில்லை. வாய் மட்டும் நன்றாக நடக்கிறது. நெடுஞ்சாலைத் துறைக்கு நூற்றுப் பன்னிரண்டாவது மனுவை இன்று டைப் அடித்து முடித்தேன். அதே பழைய சங்கதிதான். முப்பது வருடத்துக்கு முன்னால் அவர் இந்த முனையிலிருந்து சாலையை அளந்து கல் நட்டுக்கொண்டே போனார், இன்னொரு அதிகாரி உன் முனையிலிருந்து அளந்துகொண்டு வந்தார். நடுவில் சந்தித்தபோது வரைபடத்தைவிட ஒரு கிலோமீட்டர் குறைந்தது. யார் கோட்டைவிட்டது என்று இருவரும் மல்லுக்கு நின்றதில் நடுக்கல்லில் எண்ணே எழுதவில்லை. டிரைவர்கள் இன்றும் அதை மொட்டைக்கல் என்றுதான் சொல்கிறார்கள். "என் அளவு தப்பாது. எழுது" என்கிறார் அப்பா. நானும் எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்தொரு வயது முடிந்துவிட்டது. வாசலில் நின்றால் பூஜ்யம் போட்ட முதல் கல் தெரியும். அதைத் தாண்டி நான் போனதே இல்லை. கடைத்தெருவும் அதற்கு இந்தப் பக்கம்தான். அந்தச் சாலையில் போகக்கூடாது என்று நம் இருவருக்கும்தான் அப்பா சொன்னார். நீ எட்டு வருடத்துக்கு முன்னால் லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு அதே சாலையில் அந்தக் கோடிக்கே போய்விட்டாய். உன் பேச்சை எடுத்தால் இன்னும் தட்டு பறக்கிறது. போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார்.

கொடுத்துவைத்தவள் நீ. அந்தச் சாலையின் முடிவு எப்படி இருக்கும்? நாலு வரி அதிகமாகத்தான் எழுதேன்.

உன் அக்கா

கடைசிக் கல்
ஜனவரி 29

அக்கா,

உன் கடிதத்தில் அரைப் பக்கத்துக்கு மனுதான் இருக்கிறது. அடுத்த முறை நகல் இணைத்து முத்திரை குத்தி அனுப்பு.

சாலையின் முடிவு எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றுமில்லை. லாரி டிப்போவின் மதில், அதை ஒட்டிக் கடைசிக் கல், குறுக்கே ஒரு சங்கிலி, அதற்குப் பிறகு கடல். இவர் இப்போது டிப்போ மேற்பார்வையாளர் என்பதால் வீடும் மதிலுக்கு உள்ளேதான். காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறார். லாரி ஆட்கள் நடமாடும் இடம் என்று வெளியே பூட்டிவிட்டுத்தான் போவார். அவ்வளவு அக்கறை. மீசைக்காரர் கடிதத்தை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார், ஜெயிலில் ஆள் பார்க்க வந்தவர் மாதிரி. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். போன் டயலுக்கும் ஒரு குட்டிப் பூட்டு போட்டிருக்கிறார். நான்தான் ஓயாமல் பேசுகிறவள் ஆயிற்றே.

என் கதை கிடக்கட்டும். நீ அந்த வீட்டைவிட்டுக் கிளம்பி வா. ஒரே சாலை, வழி கேட்கக்கூட வேண்டாம்.

உன் வாலு

முதல் கல்
பிப்ரவரி 17

வாலு,

உன் கடிதத்தைப் பத்து முறை படித்திருப்பேன். வா என்று நீ சொல்வது சுலபம். அந்தக் கோடிவரைக்கும் வர எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் பாதி வழி வருவேன். நீயும் பாதி வழி வா. மொட்டைக்கல் பக்கத்தில் ஒரு டயர் கடையும் பெஞ்சும் இருக்கிறதாம், மீசைக்காரர் சொன்னார். மார்ச் 20, மதியம். ஊசி போட வரும் நர்ஸம்மா நான் திரும்பும்வரை இங்கேயே தங்கி அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்.

வரமாட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே. உன் முகத்தைப் பார்க்காமல் இனி என்னால் முடியாது.

அக்கா

கடைசிக் கல்
மார்ச் 6

அக்கா,

வருகிறேன். கட்டாயம் வருகிறேன். இவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

நேற்றே பையை எடுத்து வைத்துவிட்டேன். செருப்பைத் தேடினால் கட்டிலுக்கு அடியில் வார் அறுந்து கிடக்கிறது. எப்போது அறுந்தது என்றே தெரியவில்லை. போன மழைக்காலத்துக்குப் பிறகு காலில் மாட்டவே இல்லையே. புதிதாக வாங்கித் தரச் சொன்னேன். "எங்க போகப்போற?" என்று கேட்டார். இல்லை, சும்மாதான் என்று சொல்லிவிட்டேன்.

நீ காத்திரு. வந்துவிடுவேன்.

வாலு

மொட்டைக்கல்
மார்ச் 22

வாலு,

நீ வரவில்லை. மூன்று நாளாக டயர் கடை பெஞ்சில் இருக்கிறேன். உன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பஸ்ஸையும் விடவில்லை. முதல் நாள் உன்மேல் கோபம் கோபமாக வந்தது. நேற்று உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். வெளியே பூட்டு, ஜன்னல், போன், செருப்பு. எட்டு வருடமாக நான்தான் அடைபட்டுக் கிடக்கிறேன் என்று உன்னிடம் புலம்பியிருக்கிறேன். நீ என்னைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாய். வெட்கமாக இருக்கிறதடி.

கிளம்பும்போது அப்பாவிடம் உன்னைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. சாலையைப் பார்க்கப் போகிறேன் என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "போ. ஆனா கல்ல மட்டும் எண்ணாதம்மா" என்றார்.

எண்ணாமல் இருக்க முடியுமா? ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தேன். 611 வந்தது. அடுத்த கல்லிலும் 611. அம்மா இறந்த தந்தி வந்தபோது அப்பா அங்கேதான் வேலையில் இருந்தார். உனக்கு அப்போது மூன்று மாதம். காரியம் முடிந்து திரும்பிப் போனவர், விட்ட எண்ணையே மறுபடி எழுதியிருக்கிறார். தப்பு அவருடையதுதான், அது அவருக்குத் தெரிந்தும் இருக்கிறது. நம்மை இந்தச் சாலையில் விடாதது இதற்காகத்தான். பஸ்ஸிலேயே அழுதேன், அவருக்காகவும் எனக்காகவும். ஆனால் இனி மனு எழுத மாட்டேன்.

மீசைக்காரர் இன்று இந்தக் கடிதத்தோடு முன்னால் போகிறார். நான் நாளைக் காலை பஸ் ஏறுகிறேன். 25ஆம் தேதி காலை, உன் வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் வருவேன். மீசைக்காரரின் லாரி டிப்போ கேட்டுக்கு வெளியே தயாராக நிற்கும். டயர் கடைக்காரரிடம் டயர் கழற்றும் கம்பி ஒன்று கேட்டு வாங்கினேன். எதற்கு என்றார். ஒரு பூட்டுக்கு என்றேன், வேறு எதுவும் கேட்காமல் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடு வருகிறேன்.

செருப்பும் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறேன். என் காலில் போட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன். நீ வீட்டைவிட்டு ஓடியதே என் செருப்பில்தானே, கழுதை. அளவு தப்பாது.

அக்கா