முருகன் அடித்த கோல்

ஞாயிறு இரவு, விழுப்புரம்.

எங்கள் ஹாக்கி கிளப் மேனேஜர் அந்தோணியை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று நாளை கமிட்டியில் நான் சொல்ல வேண்டும். இன்று திண்டிவனத்தில் பைனலில் தோற்றுவிட்டோம்.

எதிரணி வழக்கம்போல் அந்த ஒரு போட்டிக்கு மட்டும் வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர்களை இறக்கியிருந்தது. அந்தோணி அதைச் செய்யமாட்டார். கெடார், வளவனூர் என்று பக்கத்து ஊர்ப் பையன்களைத் தானே பொறுக்கி, தானே பழக்குவார். எங்களுக்கு எதிராகக் கடைசி கோலை அடித்த கெஸ்ட் முருகனும் அவர் வளர்த்து, விளையாட்டு விடுதிக்குப் போனவன்தான். அடித்ததும் நேரே அவரிடம் ஓடி வந்தான். "நீங்க சொல்லிக்குடுத்த அடிதாண்ணே!" அந்தோணி சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் கிளப் செயலாளர் அந்தோணியின் காதுபடவே, "ஆள் வளத்துக்கினே இருந்தா கப்பு வந்துருமா சார்? கெஸ்ட் புடிக்கத் தெரியாதவன்லாம் இன்னா மேனேஜரு?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பொறுக்குவதிலும் பழக்குவதிலும் அந்தோணிக்கு நிகர் இல்லை. கெஸ்ட் பிடிக்க மட்டும் அவருக்கு வராது. எது பெரிது? எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அவர் போனால் அந்தப் பையன்களைத் தேடிப் போக ஆளில்லை. இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். தனியாகச் சொல்லிப் பார்த்தேன். இந்த அறையிலேயே குரல் நடுங்குகிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அந்தோணி சொன்னார்: "நாளைக்கு நீங்க இருக்கீங்க இல்ல சார், எனக்கு அது போதும்."

கடவுளே, அவர் வேறு யாரையாவது நம்பியிருக்கலாம்.