இடது பக்கக் கண்ணாடி

அன்புள்ள சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அவளுடைய முழங்கால் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும், அவளுக்குப் புதிதாக முளைத்திருக்கும் இரண்டு பல்லும் நலமாக இருக்க வேண்டும். ஒரு குழந்தைக்கு அம்மாவான பிறகும் சுண்டெலி என்கிறாரே என்று மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும், பிறந்தபோது நீ இருந்த அளவை அவர் பார்க்கவில்லை. போனில் நீ என்னை ஒரு பேச்சும் முடிக்க விடுவதில்லை, அந்த டிரெய்லரை வித்துடுங்கப்பா என்று ஆரம்பித்து அதையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். காகிதம் குறுக்கே பேசாது.

உன் மாமா உன்னிடம் என்ன பற்றவைத்தார் என்று எனக்குத் தெரியும். அத்தான் அந்தப் படுக்கை வைத்த வீட்டு டிரெய்லரைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பி மருந்துக்கடையையே இடித்துத் தள்ளிவிட்டார் என்றாராம். கடையை இடிக்கவில்லை. கடை வாசலில் நிற்கும் பெயர்ப்பலகையைத்தான் இடித்தேன், அதையும் மறுநாளே நானே நிமிர்த்தி சிமெண்ட் வைத்துக் கொடுத்துவிட்டேன், இப்போது முன்னைவிட நேராக நிற்கிறது. நம் தெரு முனையில் இடது பக்கம் திரும்பும்போது நடந்தது. காரைச் சுத்தமாகத் திருப்பினேன், நூல் பிசகவில்லை. ஆனால் பின்னால் மாட்டியிருப்பது கார் போன தடத்திலேயே வராது, உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் ஓட்டியவருக்கு இது தெரியாதா என்று கேட்பாய். தெரியும், ஆனால் என் கை பஸ்ஸின் நீளத்துக்குப் பழகிய கை, அதோடு பஸ்ஸில் இடது பக்கம் என்னுடையதே இல்லை. அது நம் நெட்டைக் கண்டக்டருடையது, அவர் படியில் நின்று தகரத்தைத் தட்டினால் நிற்பேன், போலாம் போலாம் என்றால் போவேன். அந்தப் பழக்கத்தில் வால் பக்கம் வெளியே வீசுகிறதா என்று வலது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் டிரெய்லரின் இடது சக்கரம் நடைபாதை மேல் ஏறிப் பலகையைச் சாய்த்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் நிதானமாக வெளியே வந்தார், சார் மாத்திரை வேணும்னா நீங்க மட்டும் எறங்கி வந்தாப் போதும், வீட்டையே கூட்டிட்டு வரணுமா என்றார். தெருவே சிரித்தது, நானும் சிரித்து வைத்தேன்.

உன் மாமாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. உன் அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். இடது பக்கக் கண்ணாடியில் சக்கரம் ஏறுவதும் பலகை சாய்வதும் அவளுக்கு முழுசாகத் தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. பாத்துக்கிட்டே இருந்தியா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கத்தினேன். அவள் கைப்பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, வண்டி ஓட்டும்போது எங்கிட்டப் பேசாதன்னு நீங்கதான சொல்லிருக்கீங்க என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன், சாதாரணமாகச் சொன்னாள். உனக்கும் நினைவிருக்கும், பஸ்ஸில் என் தலைக்கு மேல் ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று எழுதியிருக்கும், அதை நான் அப்படியே நம் வீட்டுக் காருக்கும் கொண்டுவந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமென்றால்கூட சிக்னலில் சிவப்பு விழும் வரை நீ காத்திருப்பாய், அப்போது அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்றோடு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டேன். மூன்று வாரமாக தினமும் காலையில், பூட்டிக் கிடக்கும் கிடங்குக்குப் பின்னால் இருக்கிற மைதானத்துக்கு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறோம். பழைய தண்ணீர் பாட்டில்களில் மண்ணை நிரப்பி தெரு முனை மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறாள் உன் அம்மா. முதல் நாள் பதினோரு பாட்டில் சாய்ந்தது, நேற்று ஒன்றுகூடச் சாயவில்லை. சூட்சுமம் பெரிதாக ஒன்றும் இல்லை, அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான். முனை வந்ததும் கை பரபரக்கும், ஆனாலும் இன்னும் கொஞ்சம் நேராகப் போய், முனை என் தோளைத் தாண்டின பிறகுதான் திருப்ப வேண்டும், ஆள் நடக்கிற வேகத்தில், தாராளமாக இடம் எடுத்துக்கொண்டு. இடது கண்ணாடி அவள் பொறுப்பு. இருங்க, இன்னும் இருங்க, இப்பத் திருப்புங்க என்பாள், திருப்புவேன். டிரெய்லர் காரைவிட அகலம் என்பதால் இரண்டு பக்கமும் கண்ணாடியை நீட்டி மாட்டிவிட்டேன். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் கை போகிற பக்கமே டிரெய்லரின் பின்பக்கம் போகிறது, இதையும் அவள்தான் கண்டுபிடித்தாள், கார் ஓட்டத் தெரியாதவள். ரொம்ப ஒடித்தால் டிரெய்லரின் மூலை காரிலேயே வந்து மோதும், அதனால் கோணினால் முன்னால் போய் நேராக்கிக்கொண்டு மறுபடி வருகிறோம். திருப்பத்தைத் தவறவிட்டால் நேரே போய் அடுத்ததில் திரும்புவது என்றும் பேசி வைத்திருக்கிறோம். எனக்கு வீம்பு அதிகம் என்று நீ சொல்வாய், இந்த விஷயத்தில் வீம்பை இறக்கி வைத்துவிட்டேன். மருந்துக்கடை முனையில் நான்கு தடவை திரும்பிக் காட்டியாயிற்று, கடைக்காரர் இப்போதெல்லாம் பலகைக்கு முன்னால் வந்து நிற்பதில்லை.

ரயிலில் வாங்க, விமானத்துல வாங்க என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறாய். உன் அம்மாவால் காலை மடக்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, வலி வந்தால் நீட்டிப் படுத்தே ஆக வேண்டும். வந்து சேர்ந்தாலும் நீ இருப்பது லிப்ட் இல்லாத நான்காவது மாடி. டிரெய்லர் இருந்தால் நினைத்த இடத்தில் ஓரம் கட்டிப் படுத்து எழுந்து வருவாள், உங்கள் மாடிக்குக் கீழே இருக்கிற மாப்பிள்ளையின் பட்டறைக்குப் பின்னால் நிறுத்தினால் கீழேயே இருப்பாள், பேத்தியை நீ இறக்கிக் கொண்டுவந்து விட்டால் போதும். அதை விற்றுவிட்டால் உன் அம்மா பேத்தியைப் போனில் மட்டும்தான் பார்ப்பாள். குழந்தை எழுந்து நிற்கப் போகிறது என்கிறாய், அதை நேரில் பார்க்க வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்கிற வழக்கத்தை நான்தான் கெடுத்துவிட்டேனே. அதனால் விற்கப் போவதில்லை. வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை காலையில் கிளம்புகிறோம், பகலில் மட்டும் ஓட்டினால் மூன்றாம் நாள் மதியம் அங்கே.

இன்னொன்று, இதைப் போனில் என்னால் சொல்ல முடியாது. போன வாரம் மைதானத்தில் இருந்து திரும்பி வரும்போது, நான் ஓட்டுகையில் இந்த மாதிரி பார்த்தும் சொல்லாமல் விட்டது வேறு ஏதாவது உண்டா என்று விளையாட்டாகக் கேட்டேன். உண்டு என்றாள். மூன்று வருஷம் முன்பு நீ அந்த ஊருக்குக் கிளம்பினபோது உன்னையும் பெட்டிகளையும் ரயில் நிலைய வாசலில் இறக்கிவிட்டோமே, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்ததால் உடனே காரை எடுத்தேன், நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாய் என்று இத்தனை நாளும் மனசில் வைத்திருந்தேன். போனில் நான் சுருக்கமாகப் பேசியதெல்லாம் அதனால்தான், இப்போது ஒத்துக்கொள்கிறேன். நீ உள்ளே போகவில்லையாமே. பெட்டியைக் கீழே போட்டுவிட்டு நடைபாதை ஓரத்துக்கு ஓடி வந்து, நாங்கள் முனை திரும்பும் வரை அழுதுகொண்டே கை காட்டினாயாமே. இடது பக்கக் கண்ணாடியில் அம்மா பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். நீங்க திருப்பத்துல இருந்தீங்க, அதான் சொல்லலை என்றாள். காரை ஓரமாக நிறுத்திவிட்டேன் அம்மாடி, கொஞ்ச நேரம் ஓட்ட முடியவில்லை.

பட்டறை வாசலின் அகலத்தை மாப்பிள்ளையை நாடா பிடித்து அளந்து எழுதச் சொல், கண் மதிப்பு வேண்டாம். பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு, நீங்கள் மூன்று பேரும் நூறு வயசு நிறைவாக இருக்க எங்கள் ஆசி. பெரிய சாலையிலிருந்து உங்கள் தெருவுக்குத் திரும்புகிற முனையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நில். நடைபாதை மேல், முனையை விட்டு நன்றாகத் தள்ளி, இடது பக்கமாக நில். இந்தத் தடவை அம்மா சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கண்ணாடி பார்ப்பது உன் அம்மா)