பங்காளியின் வாசல்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். போனில் நீ கேட்டபோது "எல்லாம் போயிட்டிருக்கு" என்றேன். எதுவும் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் என்றால் நீ நடுவில் புகுந்து பேச முடியாதல்லவா.

"பங்காளி"யை இந்த மாதக் கடைசியோடு மூடிவிடலாம் என்று இருக்கிறேன். யாருக்கு எப்போது ஷிப்ட் என்று சண்டையில்லாமல் பிரித்துக் கொடுக்கும் நிரல் அது. இணையத்தில் அதற்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் அங்கிருந்து சும்மா எடுத்துத் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், சந்தேகம் என்றால் அங்கேயே கேட்கலாம். இப்படித் திறந்து வைத்தும், எட்டிப் பார்த்து ஏதாவது கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் வருகிறார்கள், யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. மென்பொருள்காரர்கள் மாநாடு ஒன்றில் இதைப் பற்றிப் பேசினேன், கைதட்டினார்கள், அதோடு சரி. பழைய கம்பெனியில் திரும்ப வரச் சொல்கிறார்கள். போனால் இதைத் தொட நேரமிருக்காது.

ஆஸ்பத்திரியில் வார்டு ஷிப்ட் பட்டியலோடு நீ மண்டையை உடைத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் இதை ஆரம்பித்தேன். உனக்கே உதவாமல் போகிறதே என்றுதான் வருத்தம். அப்பாவிடம் சொல்லாதே.

உன்
வாலு

மார்ச் 6

என் அருமை வாலுவுக்கு,

பங்காளி என்று பேர் வைத்தால் யார்தான் வீட்டுக்குள் விடுவார்கள்? சரி, முறைக்காதே.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். வேலையில் அத்தனை வேகம், அதனால் மின்னல் என்றே கூப்பிடுவோம். உன் பங்காளியை எங்கள் வார்டுக்குப் பொருத்த முடியுமா பார் என்று அவளிடம் கொடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு. கேள்வி கேட்டவங்க எல்லாம் வாசல்லயே நிக்கிறாங்க, ஒருத்தருக்கும் பதில் இல்ல. நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா யாரைக் கேக்கறது? இதை நம்பி எப்படி வார்டை விடறது?"

எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லக்கூடவா உனக்கு நேரமில்லை? இங்கே ஞாயிற்றுக்கிழமை லீவுக்காக இரண்டு நர்ஸ்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அக்கா

மார்ச் 7

அக்காவுக்கு,

அன்புள்ள என்று போட இன்று மனசில்லை.

ஒருவரைக்கூட நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் தனித்தனி மின்னஞ்சலில். கேட்கிறவர்களில் பாதிப் பேர் எங்கோ சின்னத் தப்பு செய்திருப்பார்கள். அதை உலகமே பார்க்கும் பக்கத்தில் எடுத்துச் சொல்ல எனக்குக் கை வராது.

ஏன் என்று உனக்குத் தெரியும். விருந்தாளி வந்தால் அப்பா நம் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து தப்பை எல்லாம் உரக்க வாசிப்பாரே. நீ விறுவிறுவென்று மாடிக்குப் போய்விடுவாய். எனக்கு அந்தத் துணிச்சலும் கிடையாது. இளித்துக்கொண்டு அங்கேயே நிற்பேன்.

வாலு

மார்ச் 10

என் கண்ணுக்கு,

படித்ததும் அழுகை வந்தது. கொஞ்சம் கழித்துச் சிரிப்பும் வந்தது. அட அசடே, பின்வாசல் வழியாக ஊருக்கே சோறு போட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறாய், முன்வாசலில் பூட்டு தொங்குகிறது. வருகிறவர்கள் பூட்டைத்தானே பார்ப்பார்கள்?

வார்டில் புதுப்பெண் ஏதாவது தப்பு செய்தால் நானும் எல்லோர் முன்னாலும்தான் சொல்கிறேன். "இது எல்லாருக்கும் வர்ற தப்புதான், நானும் பண்ணியிருக்கேன்" என்று சேர்த்துச் சொல்வேன். யார் முகமும் சுருங்கியதில்லை. அப்பாவுக்கு அந்த இரண்டாவது வாக்கியம் தெரியாது, அவ்வளவுதான்.

உன்னிடம் கேள்வி கேட்டவர்களிடமே கேட்டுப் பார், பதில்களைப் பொதுவில் போடலாமா என்று. மின்னலைப் பிடித்து ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் பங்காளியைப் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் புரியாததை நானே உன் இணையப் பக்கத்தில் வந்து கேட்கிறேன். எல்லோர் முன்னாலும் என்னைத் திருத்து. எனக்கு வெட்கம் மானமெல்லாம் போய் ரொம்ப நாளாகிறது.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள, மிகவும் அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். "தாராளமா போடுங்க, இதுக்கு எதுக்கு அனுமதி" என்றுதான் பெரும்பாலும் பதில் வந்தது. சம்மதித்தவர்களின் பதில்களை எல்லாம் அவரவர் கேள்விக்குக் கீழே போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒரு தீயணைப்பு நிலையத்துக்காரர், ரொட்டிக் கம்பெனிக்காரர் ஒருவரின் கேள்வியைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இதைத்தான் வச்சிருக்கீங்களா? நான் மட்டும்தான்னு நெனச்சு வெளியில சொல்லாம இருந்தேன்" என்று எழுதினார். முதியோர் இல்லத்திலிருந்து ஒரு அம்மா, "நாங்களும்தான்" என்றார். எடுத்துக்கொண்டு போனவர்கள் இருந்திருக்கிறார்கள் அக்கா, ஒருவரை ஒருவர் பார்க்கத்தான் வழியில்லாமல் இருந்தது. இப்போது நான் பல் துலக்கி வருவதற்குள் ரொட்டிக்காரர் எனக்குப் பதிலாகப் பதில் சொல்லி முடித்துவிடுகிறார். புதிதாகவும் ஆட்கள் வருகிறார்கள். மின்னல்கூட ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறாள், நல்ல திருத்தம்.

கம்பெனியில் பாதி நேரம்தான் வருவேன் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். மூடவில்லை. இன்று மத்தியானம் கட்டை மாதிரி தூங்கினேன்.

உன் கேள்விக்கும் பதில் போட்டுவிட்டேன். நாலைந்து தடவை எழுதி அழித்து எழுதினேன். கோபமில்லையே?

உன்
வாலு

ஏப்ரல் 2

என் செல்ல வாலுவுக்கு,

பங்காளி போட்ட முதல் பட்டியலை வார்டில் ஒட்டியாகிவிட்டது. ஒருத்தி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அவள் முகமே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்காரிகள் இப்போது ஒன்றாக டீ குடிக்கப் போகிறார்கள்.

மூடப்போவதாக இருந்ததை அப்பாவிடம் சொல்லவில்லை. உன் பதிலை மட்டும் காட்டினேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வந்தார். "இருங்க, என் பையன் எழுதியிருக்கான்" என்று அப்பா என் போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசிக்க ஆரம்பித்தார்:

"ராத்திரி ஷிப்டை நீங்கள் இரண்டு நாளிலும் சேர்த்துவிட்டீர்கள். ஆரம்பிக்கும் நாளில் மட்டும் போட்டால் போதும். பலருக்கும் வரும் தப்புதான். என் விளக்கத்தில் அதை நான் சொல்லவில்லை, இப்போது சேர்த்துவிட்டேன். கேட்டதற்கு நன்றி."

என்னைப் போய் நீங்கள் என்கிறாயே என்று எனக்குச் சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. பின்பாதியைத் தனக்குள் இன்னொரு தடவை வாசித்தார். "இவன் எல்லாருக்கும் இப்படித்தான் பதில் சொல்றானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். "இப்படியும் சொல்லலாம் போல" என்றார்.

விருந்தாளி முன்னால்தான் என் தப்பை வாசித்தார். நான் மாடிக்குப் போகவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து என் டீயைக் குடித்து முடித்தேன்.

அக்கா