எஞ்சின் உன்னுடையது, முகப்பு என்னுடையது

என் பாசத்துக்குரிய மாப்பிள்ளை,

நீ இருக்கிற இடத்தில் கார் ஓட்ட விடுகிறார்களா? விடாவிட்டால் இந்நேரம் யாரிடமாவது மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாய்.

ரெங்கத்தில் உன் வீட்டுக் கார் போர்ச்சில் உன் சிவப்புக் கார் நீ விட்டுப்போன நிலையிலேயே கிடந்தது. ஃபேக்டரி வாசலில் லாரி இடித்து நசுங்கிய அதன் முகப்பைச் சரிசெய்ய ஆள் தேடிக்கொண்டிருந்தாய். அதற்குள் உன் இதயம் நின்றுவிட்டது. என் தங்கை கலா காரைத் துணி போட்டு மூடிவிட்டு, அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள்.

இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து ஒரே ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து, ஆளுக்கொரு பெயரில் விற்றன. நீ ஒரு பெயரில் வாங்கினாய். நான் சும்மா இருப்பேனா? மறு பெயரில் வாங்கினேன். அதிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும் நாம் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

"யோவ் மச்சான், எஞ்சின் செஞ்சது எங்க கம்பெனி. உங்காளுங்க சும்மா படம் வரஞ்சி குடுத்தாங்க லா!" என்பாய்.

"அந்தப் படம் இல்லன்னா வெறும் எஞ்சின உருட்டிக்கிட்டா வீட்டுக்குப் போவ?" என்பேன்.

இந்த முறை நான் இருக்கும் சிகாமட்டில் ஆறு ஏறி வெள்ளம் வந்தபோது என் கார் சீட்டு வரை முழுகிவிட்டது. வேறு எஞ்சின் தேடு என்று ஒர்க்‌ஷாப்பில் கையை விரித்துவிட்டார்கள். விஷயம் கேட்டுக் கலா ஃபோன் செய்தாள்.

"அண்ணே, அவரு எஞ்சின கழட்டி உங்க கார்ல போட்டுக்குங்க. மிச்சத்த ஹாஃப்கட் கடையில குடுத்துரலாம். அதப் பாத்துக்கிட்டே என்னால இருக்க முடியல."

ஹாஃப்கட் கடை என்றால் காரைக் குறுக்கே அறுத்து விற்கிற இடம். எனக்குச் சபலம் தட்டாமல் இல்லை. மெக்கானிக் ஆ ஹோக்கைக் கூட்டிக்கொண்டு வந்தேன். துணியை விலக்கினால், உன் வேலைத் தொப்பி டாஷ்போர்டில் அப்படியே இருக்கிறது. எனக்குக் கை வரவில்லை, மாப்பிள்ளை. "என் காரைப் பிரி. அதோட முகப்ப இதுக்கு மாட்டு" என்றேன்.

"சாமா லா, போஸ்!" என்றான் ஆ ஹோக். எல்லாம் ஒன்றுதானாம். பானெட் கச்சிதமாக உட்கார்ந்தது. பம்பரும் விளக்கும் மட்டும்தான் இரண்டு காருக்கும் வேறு வேறு. அதனால் என் கம்பெனிச் சின்னத்தோடு முழு முகமும் மாற வேண்டியதாயிற்று.

அதைப் பார்த்ததும் கலாவுக்கு வந்ததே கோபம்!

"அவரு கார்ல உங்க கம்பெனி பேரா? இருந்திருந்தா விட்டிருப்பாரா?"

காரை அறுக்கச் சொன்னவளே அவள்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, அவள் அழுதுவிட்டாள். நீ விட்டிருப்பாயா? எத்தனை யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. நீயும் நானும் ஒரே காருக்காக இத்தனை வருஷம் எதற்குக் கத்தினோம் என்பதும் தெரியவில்லை. ஆனால் அந்தக் கத்தல் இல்லாத விருந்து எனக்கு ருசிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் காரை முதன்முதலாக ஸ்டார்ட் செய்தேன். இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். போர்ச்சுக் கூரையே அதிர்ந்தது.

சமையலறையிலிருந்து கலாவின் குரல் வந்தது. "ஏங்க, சத்தத்தக் கொறைங்க! புள்ள தூங்குதுல்ல!"

உன் மகள் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருக்கிறாள். வீட்டில் தூங்க யாரும் இல்லை. கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்த கலா, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நான் எஞ்சினை அணைக்கப் போனேன்.

"அணைக்காதீங்கண்ணே" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."

கரண்டியைப் படியில் வைத்துவிட்டு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். நாங்கள் எங்கும் போகவில்லை.

இந்தக் காரை அறுக்க யாரையும் விடமாட்டேன், மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் சிகாமட்டிலிருந்து வந்து ஸ்டார்ட் செய்வேன். கலா எவ்வளவு திட்டினாலும் சத்தத்தைக் குறைக்கமாட்டேன்.

வாதாட நீ இல்லாமல் தவிக்கும்
உன் மச்சான்,
சேகர்