இரண்டாம் இரவுக்கு வந்தவர்கள்

ஏப்ரல் 4, செவ்வாய். எருசலேம்

ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்து சேர்ந்தேன். மகள் திர்சா நேரே சந்தைக்கு அழைத்துப் போனாள். பஸ்கா பண்டிகைக்காகப் புளித்த மாவுப் பண்டங்களை எல்லாக் கடையிலும் வெள்ளைத்தாள் போட்டு மூடியிருக்கிறார்கள். தேங்காய் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: “முதல் ராத்திரி விருந்து ஆஷேர் வீட்லம்மா.”

ஆஷேர், அவள் கட்டிக்கொள்ளப்போகும் பஸ் டிரைவர். ஈராக்கிலிருந்து வந்த குடும்பம். பஸ்காவில் அரிசி சாப்பிடுவார்கள். ஐரோப்பிய யூதர்களான நாங்கள் எட்டு நாளும் தொடமாட்டோம்.

“நான் வரலை.”

“அரிசிக்காகவா?”

அரிசி ஒரு சாக்கு. இனி பண்டிகைக்கு இவள் என் மேசைக்கு வரவேமாட்டாளோ — அதுதானே பயம்?

ஏப்ரல் 5

பண்டிகைக்குப் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாதே, காலையில் மீந்த ரொட்டியை எரித்தோம். திர்சா எனக்கு முதுகைக் காட்டியே அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

பண்டிகை, பிறகு ஓய்வுநாள் — மூன்று நாள் பேனா தொடக் கூடாது.

முதல் இரவு விருந்தில் ஆஷேரின் அம்மா நயீமா எனக்கென்று புதுச் சட்டி வாங்கிக் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். “அரிசி வாடைகூடப் படலை, சம்பந்தி.” சம்பந்தியாம். அதற்குள்ளேயா?

இங்குள்ளவர்களுக்கு விருந்து ஒரே இரவு. வெளிநாட்டிலிருந்து வந்த எனக்கு இரண்டாம் இரவும் உண்டு. மறுநாள் திர்சாவின் அறையில் எங்கள் இருவருக்கு மட்டும் மேசை போட்டேன். யாரோ கதவைத் தட்டினார்கள். நயீமாவும் ஆஷேரும்.

“உங்களுக்குத்தான் நேத்தே முடிஞ்சுபோச்சே?”

“விருந்துல சின்னவங்க நாலு கேள்வி கேக்கணுமே. நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லிப்பீங்களா?” என்றாள் நயீமா.

ஆஷேர்தான் கேள்விகளைப் பாடினான். சுருதியே சேரவில்லை. நானும் கூடச் சேர்ந்து பாடினேன்.

ஏப்ரல் 10

நயீமாவோடு ஊர் சுற்றினேன். சாப்பாட்டுக் கடைக்குக் கடை, எங்கள் உணவுவிதிப்படி சமைத்தது என்ற கோஷர் சான்று. அதன் கீழேயே ‘அரிசி, பருப்பு உண்போருக்கு மட்டும்’. நாலு கடை ஏறி இறங்கினோம். ஐந்தாவதில் பரிமாறுபவர் சொன்னார்: “மீனும் உருளைக்கிழங்கும் இருக்கு. அதுல இன்னும் யாரும் சண்டை கிளப்பல.” நயீமா சிரித்தது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். அவளும் அதையே வாங்கினாள்.

சாப்பிடும்போது என் பயத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ.

“அடுத்த வருஷம் நாங்க எல்லாரும் ஆண்ட்வெர்ப் வரோம். எட்டு நாள் அரிசி இல்லேன்னா செத்தா போயிடுவோம்?”

ஏப்ரல் 14, வெள்ளி

பஸ்கா முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானத்தை இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். காலையில் நானும் நயீமாவும் கல்யாண மண்டபம் பார்க்கப் போனோம், பிள்ளைகளைக் கேட்கவில்லை. அவளுக்கு மொட்டைமாடி பிடித்திருக்கிறது. எனக்குத் தோட்டம். பஸ் நிறுத்தம்வரை வாதாடினோம். திங்களன்று இன்னும் இரண்டு மண்டபம் பார்க்கிறோம்.