எண்ணூரில் வெள்ளைத் தரை

மார்ச் 11, செவ்வாய்

வெள்ளை டைல்ஸ்தான் வேண்டும் என்றபோது கடைக்காரர் சிரித்தார். "எண்ணூர்லயா? இங்க எல்லாரும் சாம்பல் கலர்தான் எடுப்பாங்க. தூசு வுழுந்தா தெரியாதுக்கா." என் வீட்டுக்காரரும் அதையே சொல்லி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். தெரியக் கூடாது என்பதற்காக ஒரு தரையா? நான் வெள்ளையைத்தான் போட்டேன்.

இன்று காலை தரையைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்து வைத்து வேலைக்குப் போனேன். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வாசலிலிருந்து சமையலறை வரை சாம்பலில் அவர் பாதம் பதிந்திருந்தது.

"பாத்தியா, நான் அப்பவே இன்னா சொன்னேன்?"

"காலைல தொடச்சதுய்யா. ஒரே பகல்ல இவ்ளோ வந்துகீது. பழைய சிமெண்டுத் தரையிலயும் இவ்ளோதான் வந்துச்சு. நம்ம கண்ணுக்குத் தெரியல. அதுமேலதான் புள்ளைய தவழ வுட்டோம்."

அவர் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு துடைப்பத்தை எடுத்தார்.

"யோவ், கீழ வெய்யி" என்றேன்.

மின் நிலையத்துச் சாம்பலைப் பற்றி நான் கொடுத்த புகாருக்கு இரண்டு முறை அதிகாரி வந்தார். இரண்டு முறையும் அந்தச் சிமெண்டுத் தரையைப் பார்த்து, "ஒண்ணும் தெரியலையேம்மா" என்று எழுதிக்கொண்டு போனார். நாளைக்கு மறுபடி வருகிறார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரச் சொல்வேன்.