பெரியப்பாவுக்கு எடுத்த லீவு

உனக்கு வந்த கடிதத்தை இன்று காலை நான்தான் பிரித்தேன். உன் மனைவி அதை உடைக்காமலே இல்ஃபோர்டில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "அண்ணை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ." உறையின் மேல் உன் பெயர். நீ போய் மூன்று மாதமாகிறது. அனுப்பியவர்களுக்கு அது தெரியாது போலும்.

நீ வென்றுவிட்டாய், மச்சான். மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் உன் பக்கம் சொல்லியிருக்கிறது. அதை வாசித்ததும் எனக்கு அழுகைதான் வந்தது.

உன் பெரியப்பா மனோர் பார்க்கில் இறந்த கிழமையை நினைக்கிறேன். பிள்ளையில்லாத மனிதர், உன்னை வளர்த்தவர். நீதான் கொள்ளி வைக்க வேண்டும், எட்டாம் நாள் கிரியை வரை நிற்க வேண்டும். கவுன்சில் டிப்போவில் நீ குப்பை லொறி ஓட்டினாய், நான் அலுவலகத்தில் ஷிப்ட் எழுதினேன். லீவுப் படிவத்தை என் மேசைக்குக் கொண்டுவந்தாய். இறந்தவர் என்ன முறை என்று அதில் ஒரு கட்டம். பெரியப்பா என்றால் ஒரு நாள் லீவு, அப்பா என்றால் ஒரு கிழமை முழுதும். "பெரியப்பாவும் அப்பாதானேடா" என்று சொல்லி, அப்பா என்றே ஆங்கிலத்தில் எழுதியவன் நான். படிவம் நிரப்புவதில் நான் பெரிய விண்ணன் என்ற நினைப்பு. நீ வாசிக்காமலே ஒப்பமிட்டாய்.

உன் சொந்த அப்பா இறந்தபோது நீ எடுத்த லீவு ஃபைலில் கிடந்தது. நான் அதை மறந்துபோனேன். "ஒருவருக்கு எத்தனை அப்பா?" என்று மேலாளர் கேட்டார். பொய் சொல்லி லீவு எடுத்ததாக உன்னை வேலையால் நிறுத்தினார்கள். படிவத்தை யார் நிரப்பியது என்று விசாரணையில் கேட்டார்களாம். "சைன் என்ர. அப்ப பிழையும் என்ரதான் எண்டு சொல்லிப்போட்டன்" என்று வெளியே வந்து என்னிடம் சொன்னாய். என் வேலையும் போய்விடும் என்ற பயத்தில் நான் வாய் திறக்கவில்லை. வெறும் கோழை நான்.

நீ வழக்குப் போட்டு, முதல் தீர்ப்பாயத்தில் தோற்றாய். மேன்முறையீட்டுக்கு இருவரும் எலிசபெத் லைன் ரயிலில் போனோம். அன்றாவது சொல்லிவிடுவதென்று உன் வழக்கறிஞரை ஓரமாக அழைத்து, நான் சாட்சி சொல்லலாமா என்று கேட்டேன். இங்கே சட்டத்தை மட்டும்தான் பார்ப்பார்கள், புதுச் சாட்சி எடுக்கமாட்டார்கள் என்றார் அவர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு, "விடு மச்சான். வா, தேத்தண்ணி குடிப்பம்" என்றாய். அதற்குப் பத்தாம் நாள் மாரடைப்பில் போய்விட்டாய்.

ஏமாற்றும் எண்ணத்தோடுதான் அப்படி எழுதப்பட்டதா என்று முதல் தீர்ப்பாயத்தில் யாரும் சரியாக ஆராயவில்லையாம். வழக்கைத் திரும்பவும் விசாரிக்க வேண்டும் என்று தீர்ப்பில் இருக்கிறது. உன் மனைவிக்கு அதைச் சொன்னேன்.

"கள்ளன் எண்ட பேர் போனால் எனக்குக் காணும் அண்ணை. ஆனா அவரில்லாமல் ஆர் சாட்சி சொல்லுறது?"

"நான் சொல்லுறன் தங்கச்சி. அதை எழுதினதே நான்தான்."

அவள் திடுக்கிடவில்லை. "தெரியும் அண்ணை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு அவர் கடைசிவரைக்கும் பாத்துக்கொண்டிருந்தவர்."

கடிதத்தை என்னிடம் விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். கடிதத்தோடு அந்தப் படிவத்தின் நகலும் இருக்கிறது, என் எழுத்தோடு. அதை எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போவேன். எல்லாவற்றையும் சொல்வேன். முன்னால் இருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள், நீ ஒருவனைத் தவிர.